எச்சில் தொட்டுத் துடைத்த ஸ்பானியக் கோயில்

நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கடைசி நாள் தேநீர் விருந்தில், எங்கள் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஒருத்தி கேக்குத் தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மிஸ்யூ தாஸ், ஒன்று கேட்கலாமா? நீங்கள் உண்மையிலேயே படங்களின் மேல் துப்பித்தான் துடைத்தீர்களா?" என்றாள். கேட்கும்போதே கேக்குத் தட்டைச் சற்றுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இப்போது அந்த வேலைக்குச் செயற்கை எச்சில் சின்னப் புட்டியில் வருகிறது. வேண்டிய அளவு ஊற்றிக்கொள்ளலாம். அதற்குச் சளி பிடிக்காது. முதல் நாள் இரவு இறைச்சிக் கறி சாப்பிட்டிருக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்தப் புட்டி நான்தான்.

"துப்பவில்லை, பிள்ளை. துப்புவது வேறு, நாக்கில் பஞ்சைத் தொடுவது வேறு" என்றேன். அவள் தலையாட்டினாள், நம்பியதாகத் தெரியவில்லை. இந்த வித்தியாசத்தை விளங்கவைப்பதிலேயே என் உத்தியோக வாழ்க்கையில் பாதி போயிற்று. மிச்சத்தையும் அவளுக்குச் சொல்ல நினைத்தேன், அதற்குள் கேக்கு முடிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

மட்டக்களப்பில் நான் ஒரு பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் உதவியாளன். புட்டிகளைக் கழுவுவேன், லேபிள் ஒட்டுவேன், மாணவர்கள் எதையாவது கொளுத்தினால் அணைப்பேன். எண்பதுகளின் நடுவில் கனடாவின் மொன்றியலுக்கு அகதியாக வந்து இறங்கினேன். ஒரு குளிர்காலம் முழுவதும் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினேன். குடிவந்தவர்களுக்கான பிரெஞ்சு வகுப்பில் படிப்பித்த ஆசிரியைதான், பழைய படங்களைத் திருத்தும் பட்டறை ஒன்றில் நிலம் துடைக்க ஆள் தேவை என்று சொல்லி அனுப்பினார். புட்டி கழுவியவன், கோப்பை கழுவியவன், நிலம் துடைக்க மாட்டேனா?

பட்டறை பழைய துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கல்கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. முதலாளி மதாம் ஜெர்மேன். அறுபது வயது, மெலிந்த சின்ன உருவம், வெள்ளை மேலங்கி, கழுத்தில் இரண்டு மூக்குக்கண்ணாடிகள். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எதற்கும் ஒரே சொல்தான்: "டூஸ்மான்." மெதுவாக என்று அர்த்தம். கதவைச் சாத்தினாலும் டூஸ்மான், தும்மினாலும் டூஸ்மான். புதுப் படம் ஒன்று வந்தால் அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அரைநாள் சும்மா உட்கார்ந்திருப்பார். கையை மடியிலிருந்து எடுக்க மாட்டார். அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று முதல் வாரம் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இவர் இன்னும் என்னோடு பேசத் தொடங்கவில்லை" என்று படத்தைக் காட்டிச் சொன்னார். அவர் பேசியதெல்லாம் பிரெஞ்சு. என் தமிழில் எழுதுகிறேன்.

நான் நிலம் துடைப்பதை அவர் கவனித்திருக்கிறார். மூலையிலிருந்து தொடங்கி, ஒரு தடவை துடைத்த தண்ணீரை மறுபடி தொடாமல் துடைக்கிறேனாம். ஆறு மாதத்தில் பஞ்சு உருட்டப் பழக்கினார். இன்னொரு ஆறு மாதத்தில் படத்தின் பின்பக்கத்தைத் தொடவிட்டார். முன்பக்கத்துக்கு வந்த கதைதான் விசேஷம்.

பழைய எண்ணெய் ஓவியத்தின் மேல் படிந்த புகை, தூசி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் எடுக்க மனித எச்சிலைப் போல ஒன்று இல்லை. தண்ணீரைவிடக் கெட்டிக்காரன், மருந்தைவிடச் சாது. பட்டறையில் அந்த வேலையை மதாம்தான் செய்தார். அந்த வருடம் அவருக்கு இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள், வாய் வறண்டுபோயிற்று. இன்னொரு உதவியாளர் ஓயாமல் புகைப்பவர், அவர் தொட்டால் படம் இன்னும் மஞ்சளாகும். ஒரு காலை மதாம் என் முன்னால் வந்து நின்று, "வாயைத் திறவுங்கள்" என்றார். பல்லைப் பார்த்துவிட்டு வேலையிலிருந்து நிறுத்தப்போகிறார் என்று நினைத்தேன். ஒரு குச்சியில் உருட்டிய பஞ்சை என் நாக்கில் தொட்டார். ஒரு பழைய படத்தின் மூலையில் அதை உருட்டிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டு மறுபடி பார்த்தார்.

"மிக நல்ல எச்சில்" என்றார். "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?"

"பாணும் சம்பலும், மதாம்."

"சம்பல் என்றால்?"

தேங்காயும் மிளகாயும் சேர்த்து இடிப்பது என்று விளக்கினேன். அன்றோடு என் காலைச் சம்பல் போயிற்று.

முறை இதுதான். காலையில் காரம், கோப்பி, புளி எதுவும் கூடாது. வாயைத் தண்ணீரால் கொப்பளித்து அரைமணி நேரம் பொறுக்க வேண்டும். குச்சியில் பஞ்சை அவரை விதை அளவு உருட்ட வேண்டும். நாக்கில் ஒரே தரம் தொட வேண்டும். படத்தில் பெருவிரல் நகத்தளவு இடத்தில் உருட்ட வேண்டும், தேய்த்தால் கொலை. பிறகு பஞ்சைப் பார்க்க வேண்டும். கறுப்பு வந்தால் புகை, மஞ்சள் வந்தால் சுருட்டு. வேறு நிறம் எது வந்தாலும் அந்த நொடியே கையை எடுக்க வேண்டும், ஏனென்றால் அது ஓவியனுடையதாக இருக்கலாம். துடைத்த பஞ்சை ஜாம் போத்தலில், இடத்தின் இலக்கத்தோடு, வரிசையாகப் போட வேண்டும். அதை மறந்தும் மறுபடி நாக்கில் வைக்கக் கூடாது. "நூறு வருடத்து ஊத்தையை நீங்கள் சாப்பிடத் தேவையில்லை" என்பார் மதாம்.

நாங்கள் ஐந்து பேர் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு வீட்டில் இருந்தோம். எங்களில் மூத்தவர் சிவகுரு அண்ணை, யாழ்ப்பாணம். பகலில் ஒரு கிரேக்க உணவகத்தின் குசினியில் வேலை, மாலையில் எங்கள் குசினியில் ஆட்சி. அவர் இடித்த சம்பலை ஒருவன் வேண்டாம் என்பது அவருக்கு அவமானம்.

"தம்பி, மூண்டு நாளாப் பாக்கிறன், வெறும் பாணைச் சாப்பிட்டிட்டு ஓடுறாய். வயித்துக்க ஏதும் செய்யுதோ?"

"இல்லை அண்ணை. வேலைக்காகத்தான். காலமை உறைப்புச் சாப்பிடக்கூடாதாம்."

"படம் துடைக்கிறதுக்கும் உறைப்புக்கும் என்னடா சம்பந்தம்?"

பொய் சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அண்ணை கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார்.

"துப்பலோ? சேர்ச்சுகளில இருந்து வாற படத்துக்கோ? மாதா, சுவாமி எல்லாம் கீறின படத்துக்கோ?"

"துப்புறதில்ல அண்ணை, நாக்கில தொட்டு..."

"நான் சைவக்காரன். எனக்கே மனம் ஏலாமக் கிடக்கு. நீ வேதக்காரன், உனக்கு எப்பிடியடா மனம் வருது?"

அந்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, திருகோணமலை அக்கா ஒருவர் என்னை ஓரமாகக் கூட்டிப்போய், "தம்பி, பாவசங்கீர்த்தனம் செய்தனீங்களோ?" என்று மிகவும் பரிவாகக் கேட்டார். சிவகுரு அண்ணையின் செய்தி எனக்கு முன்பே கோயிலுக்குப் போயிருந்தது.

எனக்கும் மனதில் ஒரு முள் குத்திக்கொண்டுதான் இருந்தது. ஒரு சனிக்கிழமை பிரெஞ்சுச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். புனிதர்களின் படங்களை எச்சில்படுத்துகிறேன் என்று சொன்னேன்.

"எத்தனை தடவை, மகனே?"

"ஒரு நாளைக்கு இருநூறு தடவை, சாமி."

வலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் கதிரை கிறீச்சிட்டது.

"வன்மத்தோடா?"

"இல்லை சாமி, பஞ்சோடு."

எல்லாவற்றையும் விளக்கிய பிறகு அவர் எனக்கு ஒரு செபமும் தண்டனையாகத் தரவில்லை. தன் அறையில் ஒரு புனித யோசேப்பின் படம் புகைபிடித்துக் கிடப்பதாகவும் எப்போது வந்து பார்க்கலாம் என்றும் கேட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஸ்பானியப் படம் வந்தது. கொண்டுவந்தவர் ஊத்ரமோன் பகுதியில் வசித்த ஒரு நொத்தாரிஸ், சொத்துப் பத்திரம் எழுதும் சட்டத்தரணி. உயரமானவர், கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றுகிறவர். படம் நான்கு அடி அகலம், மூன்று அடி உயரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் யாரோ வரைந்த கோயிலின் உட்புறம். கையெழுத்து இருந்தது, ஆனால் அந்தப் பெயரை மதாமும் கேள்விப்பட்டதில்லை.

மேலே வளைவுகளும் ஒரு சின்ன யன்னலும். யன்னலிலிருந்து ஒரு கீற்று வெளிச்சம். இடதுபக்கப் பிரசங்க மேடையில் ஒரு குருவானவர், கையை உயர்த்தியபடி. கீழே கல்தரையில் கறுப்பு முக்காடிட்ட பெண்கள் முழங்காலில் நிற்கிறார்கள். அவர்களில் மூன்று பேர் விசிறியால் வாயை மூடியிருக்கிறார்கள். நடுவில் சிவப்புப் பாவாடை உடுத்த ஒரு சின்னப் பெண்பிள்ளை. அவள் மட்டும் திரும்பி, வலதுபக்கத் தூணுக்கு அப்பால் இருந்த இருட்டை நோக்கிக் கையை நீட்டுகிறாள். அங்கே மண்ணிற இருட்டைத் தவிர எதுவும் இல்லை.

"எங்கள் குடும்பத்தில் இதற்குப் பெயர் 'தரிசனம்'" என்றார் நொத்தாரிஸ். "மற்றவர்களின் கண்ணுக்குத் தெரியாத எதையோ அந்தக் குழந்தை காண்கிறாள். அந்தப் பெண்கள் பக்தியால் அழுகிறார்கள். என் தாத்தா ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து சாப்பாட்டு அறையில் மாட்டினார். அவருடைய மகள், என் அத்தை, சிறுவயது முழுவதும் இந்த விரலைப் பார்த்தபடிதான் சாப்பிட்டார். பதினேழு வயதில் கன்னியர் மடத்தில் சேர்ந்தார்."

அத்தையின் பெயர் சிஸ்டர் கிளோத்தில். மடத்தில் சேர்ந்து அறுபது ஆண்டு நிறைகிறது. அந்த விழாவுக்குப் படத்தைச் சுத்தமாக்கி மடத்துக்கு அன்பளிப்பாகக் கொடுக்க வேண்டும். இதுதான் வேலை.

மதாம் ஒரு நாள் முழுவதும் படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கும்போது, "இந்தத் தூணுக்கு அப்பால் இருக்கும் இருட்டு எனக்குப் பிடிக்கவில்லை. இந்த ஓவியர் இருட்டை இப்படி வரைகிறவரல்ல" என்றார். பிறகு என்னிடம், "தூணுக்கு இந்தப் பக்கம் நீங்கள். அந்தப் பக்கம் நான்" என்றார்.

இரண்டு வாரத்தில் வளைவுகளும் யன்னலும் பெண்களும் வெளிச்சத்துக்கு வந்தார்கள். அப்போது மதாம் ஏதோ ஒரு பீடப்படத்தைப் பார்க்க இரண்டு நாள் கியூபெக் நகரத்துக்குப் போனார். அடுத்த திங்கட்கிழமை எனக்குக் குடிவரவு அலுவலகத்தில் விசாரணை. எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று மதாம் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். திரும்பி வந்ததும் எழுதுவார்.

வியாழக்கிழமை தூணின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பஞ்சு ஒரு விரல் அகலம் அந்தப் பக்கம் போய்விட்டது. எடுத்துப் பார்த்தேன். மண்ணிறம்.

கையை எடுத்தேன். அந்த அளவுக்கு ஒழுங்கானவன்தான். தேநீர் குடிக்கவும் முடியாது, அதனால் ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். மண்ணிறம் போன இடத்தில் ஏதோ மின்னியது. கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஒரு சப்பாத்தின் வெள்ளி வளையம்.

சப்பாத்து இருந்தால் கால் இருக்க வேண்டும். இன்னொரு பஞ்சு. கால் இருந்தது. இருட்டு தானாகக் கரைந்து பஞ்சில் ஏறிக்கொண்டே வந்தது, ஏதோ எனக்காகவே காத்திருந்தது போல. முழங்கால் வந்தது. மடியில் கவிழ்த்துவைத்த தொப்பி வந்தது. மெழுகுதிரி அணைக்கும் நீளக் கம்பு தோளில் சாய்ந்து வந்தது. அதைக் கண்டதும் ஆளைத் தெரிந்துவிட்டது. கோயிலில் மணியடித்து, திரி கொளுத்தி, கதவு பூட்டுகிறவர். எங்கள் ஊரில் சங்கிலித்தாம் என்போம். பின்னேரம் ஆனபோது என் வாய் வறண்டு ஓடாகிவிட்டது. நான் சிவகுரு அண்ணையின் தேசிக்காய் ஊறுகாயை நினைத்துக்கொண்டேன். ஊறியது. வயிறு வந்தது. மறுபடி ஊறுகாயை நினைத்தேன். முகம் வந்தது.

அந்த மனிதர் வாயைப் பிளந்துகொண்டு நித்திரை. தலை பின்னால் தூணில் சரிந்து, மூக்கு மேலே பார்த்து, நடுப்பிரசங்கத்தில் அப்படி ஒரு நித்திரை. வாயின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. தூசி என்று நினைத்து அதையும் துடைக்கப் போனேன், நல்லவேளை கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வீணீர். ஓவியன் ஒரே ஒரு மயிர்த் தூரிகையால் வைத்த துளி. என் எச்சிலால் அவருடைய எச்சில் வெளியே வந்திருந்தது.

பின்னால் தள்ளி நின்று முழுப்படத்தையும் பார்த்தேன். விசிறியால் வாயை மூடிய பெண்கள் அழவில்லை. மேடையில் குருவானவர் உயர்த்திய கை ஆசீர்வாதம் அல்ல, பேச்சை நிறுத்திவிட்டு அந்த மூலையை முறைத்துக்கொண்டிருக்கிறார். சிவப்புப் பாவாடைப் பிள்ளை தரிசனம் எதையும் காணவில்லை. "அம்மா, அந்த மாமாவைப் பாருங்கோ" என்கிறாள்.

தனியே நின்று வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடிந்ததும் ஜாம் போத்தலின் மூடியை இறுக்கினேன். முதலாளி தொடாதே என்ற இடத்தைத் தொட்டிருக்கிறேன். ஒரு கன்னியாஸ்திரியின் அறுபது வருடத்துத் தரிசனத்தை ஜாம் போத்தலில் அடைத்திருக்கிறேன். திங்கட்கிழமை விசாரணை.

வெள்ளி பின்னேரம் மதாம் வந்தார். மேலங்கியைப் போட்டார், படத்தின் முன்னால் நின்றார். ஜாம் போத்தலை எடுத்து, மண்ணிறப் பஞ்சுகளை இலக்க வரிசைப்படி மேசையில் அடுக்கினார். ஒன்றை முகர்ந்தார். ஒன்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். படத்துக்குக் கிட்டப் போய் வீணீர்த் துளியை நெடுநேரம் பார்த்தார்.

"நிறம் வந்ததும் கையை எடுத்தீர்களா?"

"எடுத்தேன், மதாம்."

"பிறகு?"

"சப்பாத்துத் தெரிந்தது. ஒரு மனிதனை வெறும் சப்பாத்தோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை."

அவர் கழுத்தில் தொங்கிய இரண்டு கண்ணாடிகளையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டார். கோபம் வந்தால் அப்படித்தான் செய்வார்.

"காய்ந்த எண்ணெய் வண்ணம் எச்சிலுக்குக் கரையாது. இது பசையில் குழைத்த வண்ணம். ஓவியன் பூசியதல்ல. பின்னால் யாரோ, மெருகெண்ணெய்க்கு மேலே, கவனமாகப் பூசியிருக்கிறார்கள். இவரை மறைக்க வேண்டும், ஆனால் கெடுக்கக் கூடாது என்று நினைத்த ஒருவர்." சற்று நிறுத்தினார். "நீங்கள் செய்தது சரியாக முடிந்திருக்கிறது. இன்னொரு தடவை இப்படிச் சரியாகச் செய்தால் உங்களுக்கு இங்கே வேலை இல்லை."

பிறகு போய்த் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, எனக்கான கடிதத்தை அடித்தார். நான் கேட்காமலே.

உறையிலிட்டு ஒட்டிக் கொடுத்த அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று விசாரணை அறையில்தான் தெரிந்தது. மொழிபெயர்ப்பாளர் சென்னைக்காரர், மிக மரியாதையானவர். எங்கள் தமிழ் அவருக்குப் பழக்கமில்லை. ஆமாம் என்பதற்கு நான் "ஓம்" என்ற போதெல்லாம் கும்பிடுகிறேனோ என்று பார்த்தார். எங்கள் ஊரில் நடந்ததை, பள்ளிக்கூடத்தில் நடந்ததை, நான் ஏன் ஓடிவந்தேன் என்பதைச் சொன்னேன். அது சிரிப்பதற்குரிய கதை அல்ல, இங்கே எழுதவில்லை. அதைச் சொல்லி முடித்து அறையே கனத்துப்போய் இருந்தபோது, அதிகாரி மதாமின் கடிதத்தை எடுத்து வாசித்தார். மொழிபெயர்ப்பாளர் எட்டிப் பார்த்துவிட்டு என் காதருகே, "சார், இதுல உங்க எச்சில் ரொம்ப உயர்ந்த தரம், அது இல்லாம பட்டறை நடக்காதுன்னு போட்டிருக்காங்க. சரியாத்தான் படிக்கிறேனா?" என்றார்.

"ஓம், சரிதான்."

அதிகாரிக்கு முகம் இறுகியது. தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். "ஒரு மனிதனுக்கு எச்சிலுக்காகச் சம்பளம் கொடுக்கிறார்களா? எப்படி என்று காட்டச் சொல்லுங்கள்" என்றார்.

அவருடைய மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு சின்ன எண்ணெய் ஓவியம், ஏரியும் வானமும். அந்தக் காலத்தில் அலுவலகங்களில் எல்லோரும் புகைப்பார்கள். வானம் பழைய தேநீர் நிறத்தில் இருந்தது. அதைக் காட்டினேன். அதிகாரியின் மனைவி வரைந்ததாம். அவரே கழற்றி மேசையில் வைத்தார். மேசையிலிருந்த மெல்லிய கடதாசிக் கைக்குட்டையைக் கிழித்துப் பென்சிலில் சுற்றினேன். அன்று காலை நான் உறைப்புச் சாப்பிடவில்லை. நாக்கில் தொட்டேன், உருட்டினேன். பெருவிரல் நகத்தளவுக்கு நீலம் திறந்தது.

அதிகாரி நெடுநேரம் அதைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளரும் பார்த்தார். கடைசியில் அதிகாரி கேட்ட கேள்வி விசாரணைப் பத்திரத்தில் இருந்திருக்காது. "மிச்சத்தை யார் துடைப்பது?"

முடிவு வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. சாதகமாகத்தான் வந்தது. அதற்கு என் கதை காரணம், வானம் அல்ல என்றுதான் இன்றைக்கும் நம்ப விரும்புகிறேன்.

நொத்தாரிஸ் வந்து படத்தைக் கண்டபோது கையுறையைப் பாதி கழற்றியபடி நின்றுவிட்டார்.

"இந்த ஆள் யார்?"

"எப்போதும் இருந்தவர்" என்றார் மதாம்.

"மறுபடி மூடுங்கள். என் அத்தைக்கு எழுபத்தேழு வயது. அவருடைய வாழ்க்கையே இந்த விரல்தான். அது ஒரு குறட்டைக்காரனைக் காட்டுகிறது என்று நான் எப்படிப் போய்ச் சொல்வேன்?"

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கரைத்தது என் எச்சில். அந்தக் கிழவி மனமுடைந்து போனால் அந்தப் பாவம் யாரிடம் போய்ச் சொல்வது?

மதாம் மட்டும் அசையவில்லை. "நான் மூட மாட்டேன். திறந்ததைத் திறந்தபடி உங்கள் அத்தையிடம் காட்டுகிறேன். அவர் மூடச் சொன்னால் நீங்கள் வேறு யாரையாவது பாருங்கள்."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சிஸ்டர் கிளோத்தில் வந்தார். மூன்று மாடியும் ஊன்றுகோலோடு ஏறி, ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி வந்தார். நான் கதிரை போட்டேன். அவர் உட்காரவில்லை. படத்தின் மேலிருந்த துணியை மதாம் எடுத்தார்.

முதலில் யன்னல் வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு சிவப்புப் பாவாடைப் பிள்ளையை. பிறகு விரல் போன திசையில் அவருடைய கண் போனது. தூணைத் தாண்டி, சப்பாத்தில் தொடங்கி, மேலே ஏறியது. நொத்தாரிஸ் அத்தையின் முழங்கையைப் பிடிக்கத் தயாராகக் கையை நீட்டியிருந்தார்.

"அப்பா!" என்றார் சிஸ்டர்.

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறார் என்று நினைத்து நொத்தாரிஸ் கைக்குட்டையை எடுத்தார். கிழவி சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து, கடைசியில் கதிரையில் உட்கார்ந்தார்.

"என் அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முதல் வரிசையில் இப்படியேதான். வாயைப் பிளந்து, மூக்கு மேலே பார்த்து. பங்குச் சனம் முழுவதும் எட்டிப் பார்க்கும். அம்மாவுக்கு உயிர் போகும். அந்தக் கரைத்த வண்ணத்தைக் காட்டுங்கள்."

மதாம் ஜாம் போத்தலைக் கொண்டுவந்தார். சிஸ்டர் ஒரு பஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அம்மாவின் மண்ணிறம். நத்தாருக்கு அவள் வண்ணம் பூசும் பாலன் குடிலின் மாடு, கழுதை, யோசேப்பின் தாடி, எல்லாம் வருடாவருடம் இதே மண்ணிறம்தான். பாவம் அம்மா. சாப்பாட்டு மேசையில் கதிரையில் ஒருவர் தூங்குகிறார், சுவரில் ஒருவர் தூங்குகிறார். இரண்டு பேரில் ஒருவரையாவது மூடிவிட்டாள்."

நொத்தாரிஸ் மெல்ல, "அத்தை, நீங்கள் மடத்துக்குப் போனதே இந்த..." என்று தொடங்கினார்.

சிஸ்டர் சிரிப்பை நிறுத்தி, அந்த விரலை மறுபடி பார்த்தார்.

"ஆமாம்" என்றார். "இந்த விரலைப் பார்த்துத்தான் போனேன். இப்போது என்ன செய்ய, வீட்டுக்குத் திரும்பிப் போகவா? போன மாதம்தான் என் அறைக்குச் சூடு தரும் புது ரேடியேட்டர் பூட்டியிருக்கிறார்கள்." பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, "போன இடம் நல்ல இடமாகத்தான் இருந்தது" என்றார்.

அதன் பிறகு மதாமிடம், "எதைக்கொண்டு கரைத்தீர்கள்?" என்று கேட்டார். மதாம் என்னைப் பார்த்தார்.

"எச்சில், சிஸ்டர்" என்றேன். "என்னுடையது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கோயிலுக்குப் போக முன்னால் அம்மா எங்கள் முகத்தை அதைக்கொண்டுதான் துடைப்பாள். கைக்குட்டையின் முனையை நாக்கில் தொட்டு. நாங்கள் ஓடுவோம், பிடித்து வைத்துத் துடைப்பாள்." என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இவரை மூட வேண்டாம். நன்றாகத் தூங்குகிறார்."

விழா நாளன்று படத்தை நானும் மதாமும் மடத்துக்குக் கொண்டுபோய், சாப்பாட்டு அறையின் பெரிய சுவரில் மாட்டினோம். பக்கத்தில் சிஸ்டர் சொன்னபடி ஒரு சின்னப் பித்தளைத் தகடு: 'தரிசனம்'. பெயரை மாற்றவேண்டாம் என்று நொத்தாரிஸிடம் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாராம். நண்பகல் மணி அடித்ததும் கன்னியர்கள் வரிசையாக வந்து, தங்கள் கதிரைகளுக்குப் பின்னால் கைகூப்பி நின்றார்கள். முப்பது பேர் இருக்கும், ஒருவரும் அறுபதுக்குக் கீழில்லை. மடத்துத் தாயார் சாப்பாட்டுச் செபத்தைத் தொடங்கினார். இரண்டாவது வரியில் முன்வரிசையில் ஒருவர் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், விரல் போன இடத்தைப் பார்த்தார். உடனே கையால் வாயை மூடிக்கொண்டார். பக்கத்தில் நின்றவர் என்னவென்று பார்த்தார்; அவருடைய கையும் வாய்க்குப் போனது. மேசையின் ஒரு தலைப்பிலிருந்து மறுதலைப்புவரை அது ஒவ்வொருவராகப் பரவியது. சிஸ்டர் கிளோத்தில் மட்டும் கண்ணை மூடி மிகுந்த பக்தியோடு நின்றார். தாயார் செபத்தை நிறுத்தி, சின்ன மணியை அடித்தார். அடங்கவில்லை. மறுபடி அடித்தார். அப்போதும் அடங்கவில்லை. மூன்றாம் தரம் அடிக்க மணியைத் தூக்கியவர், இவர்கள் அப்படி எதைத்தான் பார்க்கிறார்கள் என்று தானும் திரும்பிப் பார்த்தார். மணியைக் கையில் பிடித்தபடியே எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தச் சின்ன மணி அவருடைய கையில் தானாகக் கிணுகிணுவென்று ஆடிக்கொண்டிருந்தது.